யாரும் வாசிக்காத பாட்டு

(இசை ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். இசைத்தட்டுகள் ஒலித்த இடங்கள் அடைப்புக்குறிக்குள் காட்டப்பட்டுள்ளன.)



இன்று மாலை நான்கு ஒலிப்பதிவுகளைப் பற்றி உங்களிடம் பேசப் போகிறேன். ஜாஸ் கலைஞர்கள் ஸ்டுடியோவில் கூடி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசித்த பதிவுகள் இவை. 1939, 1945, 1954, 1959 என்று ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறவை. சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் கற்பனை செய்ய முடிவதற்குக் காரணம், அந்த நாலு பேரும் மனசுக்குள் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பதுதான். அந்தப் பாட்டை அந்த நேரத்தில் யாரும் வாசிப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஜாஸின் சுதந்திரம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது என்பது என் கட்சி.

ஜாஸ் என்றால் மனம்போன போக்கில் வாசிப்பது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது தவறு என்று வாதாடுவதை விட, அதன் கட்டுமானத்தை ஒருமுறை விளக்கிவிடுவது நல்லது. ஜாஸ்காரர்கள் ‘ஸ்டாண்டர்ட்’ என்று சொல்லும் பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை 1920களிலும் 30களிலும் நியூயார்க் நாடக மேடைகளுக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்டவை. ஒரு பாட்டுக்குப் பெரும்பாலும் 32 பார். ஒரு பாருக்கு நான்கு தட்டு. இந்த 32 பாரும் எட்டெட்டாக நான்கு பகுதிகளாகப் பிரியும். பல பாட்டுகளில் முதல், இரண்டாம், நான்காம் பகுதிகளில் ஒரே மெட்டு. மூன்றாவதில் மட்டும் வேறு மெட்டு. அந்த மூன்றாவதை ‘பிரிட்ஜ்’ என்பார்கள். இப்படி ஒரு முழுச் சுற்று வந்தால் அது ஒரு ‘கோரஸ்’.

மெட்டுக்கு அடியில் கார்டுகள் ஓடுகின்றன, அதாவது பாருக்குப் பார் மாறும் ஸ்வரக் கூட்டங்கள். முதல் கோரஸில் மெட்டை வாசிப்பார்கள். இரண்டாவதிலிருந்து மெட்டை விட்டுவிடுவார்கள். ஆனால் 32 பார் கணக்கையும் கார்டுகளின் வரிசையையும் விடமாட்டார்கள். நம் கச்சேரியில் நிரவல் செய்யும்போது சாகித்திய வரி கடைசிவரை காதில் விழுந்துகொண்டே இருக்கும், ராகமும் மாறாது. இங்கே வரியும் இல்லை, மெட்டும் இல்லை. பியானோக்காரர் எந்தக் கார்டில் நிற்கிறார், டிரம்ஸ்காரர் எந்த எட்டில் இருக்கிறார், சோலோ வாசிப்பவர் பிரிட்ஜுக்குள் நுழைந்துவிட்டாரா என்பதெல்லாம் அவரவர் மனசில் ஓடும் பாட்டை வைத்துத்தான் தெரிய வேண்டும். கை காட்டுவதற்கு நடத்துநரும் கிடையாது.

இனி முதல் பதிவுக்கு வருவோம். 1939 அக்டோபர் 11, நியூயார்க். டெனர் சாக்ஸஃபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ், விக்டர் நிறுவனத்தின் புளூபேர்ட் தட்டுகளுக்காக ஸ்டுடியோவுக்கு வருகிறார். ஐந்து வருஷம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு அந்தக் கோடையில்தான் ஊர் திரும்பியவர். அவர் இல்லாத காலத்தில் இளைய சாக்ஸஃபோன்காரர்கள் வளர்ந்துவிட்டார்கள். உடன் எட்டுப் பேர். அன்று வாசித்த பாட்டு ‘பாடி அண்ட் சோல்’. ஜானி கிரீன் 1930இல் மெட்டமைத்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் அதே வருஷமே அதைத் தட்டில் பதிந்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் எல்லோர் வாயிலும் புரண்டுவிட்ட காதல் பாட்டு அது.

(‘பாடி அண்ட் சோல்’, 1939, ஒலிக்கப்படுகிறது)

கவனித்தீர்களா? ஜீன் ராட்ஜர்ஸ் பியானோவில் நாலு பார் முன்னுரை போடுகிறார். ஹாக்கின்ஸ் நுழைகிறார். முதல் இரண்டு மூன்று பார்களில் மெட்டின் சாயல் இருக்கிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு தட்டு முடியும் வரை அந்தப் பாட்டின் மெட்டு திரும்பி வரவே இல்லை. இரண்டு கோரஸ், 64 பார் முழுவதும் அவருடைய கற்பனை. முதல் கோரஸில் பியானோவும் பாஸும் டிரம்ஸும் மட்டும் துணை. இரண்டாவதில் மற்ற ஊதுகருவிகள் நீண்ட கார்டுகளைப் பிடித்து அடியில் மெத்தை விரிக்கின்றன. அதன்மேல் அவர் ஏறிக்கொண்டே போகிறார். ஒலி தடிக்கிறது, மூச்சு கனக்கிறது, கடைசி எட்டுப் பாரில் உச்சிக்குப் போய், மற்றவர்கள் நின்றுவிட, தனியாக இறங்கி வந்து முடிக்கிறார்.

இந்தப் பாட்டின் பிரிட்ஜ் ஒரு வம்பு பிடித்த இடம். டி ஃப்ளாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு, அந்த இடத்தில் அரை ஸ்வரம் மேலே டி மேஜருக்குத் தாவுகிறது. அங்கிருந்து சி-க்கு இறங்கி, பிறகு படிப்படியாகச் சரிந்து வீட்டுக்கு வருகிறது. பாடகர்களையே தடுமாற வைக்கும் திருப்பம் அது. ஹாக்கின்ஸ் அந்தத் திருப்பத்தில் ஒவ்வொரு கார்டையும் ஏணிப்படி போல ஏறி இறங்கிக் காட்டுகிறார். மெட்டு ஒலிக்காவிட்டாலும், மெட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவருடைய ஒவ்வொரு சுரத்திலும் தெரிகிறது.

இந்தத் தட்டு ஜூக்பாக்ஸுகளில் ஓடி ஓடித் தேய்ந்தது. இசை தெரிந்தவர்கள் மட்டுமா வாங்கினார்கள்? ஹோட்டலில் காசு போட்டுக் கேட்டவர்களும் இதைத்தான் கேட்டார்கள். பாட்டின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள், உள்ளே அந்தப் பாட்டு இல்லை, ஆனாலும் யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. ஏனென்றால் கேட்டவர்களுக்கும் மெட்டு மனப்பாடம். இல்லாத மெட்டை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். பின்னாளில் எடி ஜெஃபர்சன் என்ற பாடகர், ஹாக்கின்ஸின் அந்தக் கற்பனையை ஸ்வரம் பிசகாமல் எடுத்து அதற்கே வார்த்தை எழுதிப் பாடினார். ஒரு நாள் ஸ்டுடியோவில் தோன்றிய கற்பனை இன்னொரு பாட்டாகவே நிலைத்துவிட்டது.

ஸ்டுடியோ என்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று நாம் கேட்கும் பாட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு கருவியும் தனித்தனி நாளில், தனித்தனி அறையில் பதிவாகிறது. பிழை இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டிவிடலாம். நான் சொல்கிற பதிவுகளில் எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்தார்கள். டிரம்ஸின் ஒலி பியானோவின் மைக்கிலும் விழும், டிரம்பெட்டின் ஒலி பாஸின் மைக்கிலும் விழும். ஒருவருடைய பிழையை மட்டும் தனியே எடுக்க வழியில்லை. பிடித்தால் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அப்படி வாசிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘டேக்’.

1939இல் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் இடம். இரவு விடுதியில் ஒரே பாட்டைக் கோரஸ் கோரஸாக நீட்டிப் பழகியவர் அந்த மூன்று நிமிஷத்துக்குள் தொடங்கி, ஏறி, முடிக்க வேண்டும். ஹாக்கின்ஸின் தட்டில் ஒரு பார்கூட வீண் இல்லை என்றால், அந்த நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு.

இரண்டாவது பதிவு 1945 நவம்பர் 26. நியூயார்க்கில் டபிள்யூ.ஓ.ஆர். ஸ்டுடியோ, சவாய் நிறுவனத்துக்காக. ஆல்டோ சாக்ஸஃபோனில் சார்லி பார்க்கர், வயது 25. டிரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பி, பாஸில் கர்லி ரஸல், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். எடுத்துக்கொண்ட பாட்டு ‘செரோக்கி’. ஆங்கிலேய இசையமைப்பாளர் ரே நோபல் 1938இல் எழுதியது. மற்றப் பாட்டுகளைப் போல 32 பார் அல்ல, 64 பார். பிரிட்ஜில் கார்டுகள் ஒவ்வொரு படியாக முழு ஸ்வரம் முழு ஸ்வரமாக இறங்கும். நாட்டியக் குழுக்கள் நிதானமாக வாசித்த பாட்டை இவர்கள் தலைதெறிக்கும் வேகத்தில் எடுத்தார்கள்.

அந்தப் பாட்டின் முதல் டேக் ஒரு சிறு துண்டாக இன்றும் கிடைக்கிறது. அதைக் கேளுங்கள்.

(‘கோ-கோ’, முதல் டேக், ஒலிக்கப்படுகிறது)

முன்னுரை முடிந்ததும் ‘செரோக்கி’யின் மெட்டைத் தொடங்குகிறார்கள். உடனே ஒரு விசில், ஒரு கைதட்டல், நிறுத்தச் சொல்லும் குரல். வாசிப்பு நிற்கிறது. அடுத்து எடுத்த முழு டேக்கில் அந்த மெட்டு இல்லவே இல்லை. முன்னுரை முடிந்ததும் பார்க்கர் நேராகக் கற்பனைக்குள் பாய்கிறார். 64 பார் கோரஸ் இரண்டு, பிறகு ரோச்சின் டிரம்ஸ், மறுபடியும் முன்னுரையை ஒத்த முடிவு. அதற்கு ‘கோ-கோ’ என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

இதற்குப் பின்னால் சட்டமும் காசும் உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமையில் மெட்டுக்கும் வரிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. கார்டு வரிசைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. மெட்டை வாசித்தால் நிறுவனம் ரே நோபலுக்குத் தொகை கொடுக்க வேண்டும். மெட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது புதுப் பாட்டு. பார்க்கர் தலைமுறை இந்த வழியைத் தாராளமாகப் பயன்படுத்தியது. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் எழுதிய ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் கார்டுகள் மேல் எத்தனை பாட்டுகள் எழுந்தன என்று எண்ணி மாளாது.

நியாயத்தின் தராசில் இதை வைத்துப் பாருங்கள். ஹாக்கின்ஸின் தட்டு விற்க விற்க, உரிமைத்தொகை மெட்டமைத்தவருக்கும் வரி எழுதியவர்களுக்கும் போகும். அந்தத் தட்டில் கேட்கிற இசையில் பெரும்பகுதியை உண்டாக்கியவர் ஹாக்கின்ஸ். ஆனால் பாட்டை எழுதியவர் என்ற பங்கு அவருக்குக் கிடையாது. கறுப்பினக் கலைஞர்களின் கற்பனையை எழுத்தில் இல்லாததால் படைப்பாகவே எண்ணாத சட்டம் அது. ஸ்டுடியோவில் கேட்ட அந்த விசிலை ஒரு கஞ்சத்தனமான தந்திரம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் படைத்ததைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ள அவர்கள் கண்ட வழி அது.

ஆனால் இசையின் பக்கத்திலிருந்து பாருங்கள். ‘செரோக்கி’யை அழித்துவிட்டார்களா? இல்லை. அது அந்த நாலு பேர் மனசிலும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்த வேகத்தில் ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் போக முடிந்தது. மெட்டு போய்விட்டது, மெட்டின் நினைவு அங்கேயே இருக்கிறது. பழகாத காதுக்கு ‘கோ-கோ’ வெறும் ஸ்வர மழை. ‘செரோக்கி’யை முணுமுணுத்துக்கொண்டே கேட்டால் ஒவ்வொரு திருப்பமும் பிடிபடும்.

இந்த வாசிப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஹார்லெமில் 118ஆம் தெருவில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்று ஒரு விடுதி. 1940களின் தொடக்கத்தில் அங்கே நள்ளிரவுக்குப் பிறகு கலைஞர்கள் கூடி ஒருவரோடொருவர் மோதிப் பார்ப்பார்கள். அந்த விடுதியின் பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் கென்னி கிளார்க். 1942இலிருந்து 44 வரை இசைக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை விதித்திருந்தது. அதனால் அந்தப் புது இசை வளர்ந்த காலம் பெரும்பாலும் தட்டில் இல்லை. ‘கோ-கோ’ வெளிவந்தபோது பலருக்கு அது வானத்திலிருந்து குதித்ததுபோல் இருந்தது. உண்மையில் இரவு இரவாகப் பொதுப் பாட்டுகளின் மேல் சேர்ந்து உழைத்ததன் பலன் அது.

‘கோ-கோ’ பதிவான அன்று ஸ்டுடியோவில் ஒரு 19 வயதுப் பையனும் இருந்தான். அன்றைய வேறு சில பாட்டுகளில் டிரம்பெட் வாசித்தவன், ‘கோ-கோ’வில் வாசிக்காதவன். பெயர் மைல்ஸ் டேவிஸ். ஒன்பது வருஷம் கழித்து 1954 டிசம்பர் 24 அன்று, அவர் தம் பெயரிலேயே ஒரு பதிவுக்கு வருகிறார். இடம் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாக்கன்சாக். ரூடி வான் கெல்டர் என்பவர் பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே, பெற்றோர் வீட்டு முன்கூடத்தை ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தார். ஜாஸின் மிகச் சிறந்த பதிவுகளில் பல அந்தக் கூடத்தில்தான் நடந்தன. அன்று மைல்ஸோடு வைப்ரஃபோனில் மில்ட் ஜாக்சன், பாஸில் பெர்சி ஹீத். மற்ற இருவர் நாம் மின்டன்ஸில் பார்த்தவர்கள்: பியானோவில் மங்க், டிரம்ஸில் கிளார்க்.

அன்று ஒரு சங்கடம் இருந்தது. தாம் சோலோ வாசிக்கும்போது அடியில் பியானோ வேண்டாம் என்று மைல்ஸ் மங்கிடம் சொல்லிவிட்டார். மங்கின் கார்டுகள் ஒவ்வொன்றும் தனிக் குணம் கொண்டவை, எதிராளியை ஒரு பக்கமாகத் தள்ளக்கூடியவை. மைல்ஸுக்கு வெட்டவெளி தேவைப்பட்டது. இருவரும் கைகலந்துகொண்டார்கள் என்று பிறகு கதை கட்டினார்கள், மைல்ஸ் அதை மறுத்திருக்கிறார். சங்கடம் இருந்தது உண்மை. ‘தி மேன் ஐ லவ்’ பாட்டின் முதல் டேக் தொடங்கும்போது, தான் எப்போது நுழைய வேண்டும் என்று மங்க் கேட்பது தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அதையும் சேர்த்துத் தட்டில் போடும்படி மைல்ஸ் ரூடியிடம் சொல்வதும் கேட்கிறது.

‘தி மேன் ஐ லவ்’ ஜார்ஜ் கெர்ஷ்வின் 1924இல் ஒரு நாடகத்துக்காக எழுதி, அதிலிருந்து நீக்கப்பட்ட பாட்டு. நாடகம் கைவிட்டதை ஜாஸ் எடுத்துக்கொண்டது. இரண்டாவது டேக்கைக் கேட்போம். எட்டு நிமிஷத்துக்கு அருகில் ஓடும். லாங் ப்ளே தட்டு வந்துவிட்ட காலம், மூன்று நிமிஷக் கட்டாயம் இல்லை.

(‘தி மேன் ஐ லவ்’, இரண்டாவது டேக், ஒலிக்கப்படுகிறது)

மைல்ஸ் மெட்டை மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுப் பார்த்து வாசிக்கிறார். பிறகு ஜாக்சன் வேகத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு பாய்கிறார். அதற்குப் பிறகு மங்கின் முறை. அவர் செய்வதைக் கவனியுங்கள். அடியில் பாஸும் டிரம்ஸும் இரட்டை வேகத்தில் ஓட, அவர் மட்டும் பாட்டின் மெட்டையே எடுத்து, பழைய மெதுவான காலத்தில், இழுத்து இழுத்து வாசிக்கிறார். ஓடுகிற ரயிலில் ஒருவர் நிதானமாக நடப்பதுபோல இரண்டு காலங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சுரங்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் பியானோ நின்றுவிடுகிறது.

பாஸும் டிரம்ஸும் நிற்கவில்லை. பெர்சி ஹீத் அடுத்த பாருக்குப் போகிறார், அதற்கடுத்த பாருக்குப் போகிறார். பியானோ வரவில்லை. அப்போது மைக்குக்குத் தள்ளி, அறையின் வேறொரு மூலையிலிருந்து ஒரு டிரம்பெட் குரல் கொடுக்கிறது. மைல்ஸ்தான். உடனே மங்க் தாளம் பிசகாமல் பாய்ந்து உள்ளே வருகிறார், முன்னைவிட முறுக்கோடு.

மங்க் இடம் தவறிவிட்டாரா, வேண்டுமென்றே நிறுத்தினாரா என்று ரசிகர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை குறைவு. எது உண்மையானாலும், அந்த மௌனத்தில் நடந்தது ஒன்றுதான். யாரும் மெட்டை வாசிக்கவில்லை, சோலோகூட இல்லை. ஆனால் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஐந்து பேருக்கும் தெரியும். அதனால்தான் ஹீத்தும் கிளார்க்கும் பதறாமல் போனார்கள். அதனால்தான் மைல்ஸால் கூப்பிட முடிந்தது, மங்கால் சரியாக வந்து விழ முடிந்தது. ‘நான் வாசிக்கும்போது நீ வாசிக்காதே’ என்று சொன்ன மனிதர், மங்க் மௌனமானபோது ‘வா’ என்று அழைக்கிறார். ஒருவரோடொருவர் இணக்கமில்லாத நாளிலும் அந்தப் பாட்டுக்குள் அவர்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை. ஒரே மைக்கில் எல்லோர் ஒலியும் கலந்து விழுந்த காலமானதால், அந்த அழைப்பு நமக்கும் கிடைத்தது.

நான்காவது பதிவு 1959 டிசம்பர் 28. பியானோவில் பில் எவன்ஸ், பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். ரிவர்சைட் நிறுவனத்துக்காக நியூயார்க்கில் பதிவான ‘போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்’. அதில் ‘ஆட்டம் லீவ்ஸ்’. ஹங்கேரியிலிருந்து பிரான்சுக்கு வந்து குடியேறிய ஜோசப் கோஸ்மா 1945இல் மெட்டமைத்து, கவிஞர் ழாக் பிரெவர் வரி எழுதிய பிரெஞ்சுப் பாட்டு அது. ஜானி மெர்சர் ஆங்கிலத்தில் வரி எழுதியபின் அமெரிக்கப் பாட்டாகிவிட்டது.

இதுவரை கேட்ட மூன்றிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒருவர் கற்பனை செய்வார், மற்றவர்கள் தாங்குவார்கள். பாஸ்காரர் பாருக்கு நாலு சுரம் என்று சீராக நடந்துகொண்டே இருப்பார். ஜாஸ்காரர்கள் அதை ‘வாக்கிங் பாஸ்’ என்பார்கள். அவர் நடக்கிற தைரியத்தில் மற்றவர்கள் ஓடுவார்கள். 23 வயது லஃபாரோ, பாஸ் ஏன் நடந்துகொண்டே இருக்க வேண்டும், பேசக் கூடாதா என்று கேட்டார்.

(‘ஆட்டம் லீவ்ஸ்’, 1959, ஒலிக்கப்படுகிறது)

முதல் 32 பார் மெட்டு. அது முடிந்ததும் என்ன நடக்கிறது பாருங்கள். பாஸ் நடப்பதை நிறுத்துகிறது. ஒரு சொற்றொடர் சொல்கிறது. பியானோ பதில் சொல்கிறது. பாஸ் குறுக்கிடுகிறது, பியானோ பாதியில் விட்டுவிட்டுக் கேட்கிறது. மோஷனின் டிரம்ஸ் அங்கங்கே ஒரு வார்த்தை போடுகிறது. தாளத்தை உரக்கச் சொல்லும் கருவி ஒன்றுகூட இல்லை. நடுவே வெறும் இடைவெளிகள். அப்படியும் சுற்று பிசகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூவரும் சேர்ந்து ஒரே பாய்ச்சலில் வேக நடைக்குள் விழும்போது, அத்தனை நேரமும் கணக்கு அவர்கள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நமக்கு உறைக்கிறது.

இதே பாட்டின் இரண்டு டேக்குகள், ஒன்று ஸ்டீரியோவில், ஒன்று மோனோவில், இரண்டுமே வெளிவந்திருக்கின்றன. வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். உரையாடல் நடக்கும் இடம் ஒன்றுதான், பேசப்படுவது வேறு. முதலில் பாஸ் சொன்னதை இரண்டாவதில் அது சொல்வதில்லை. அதனால் பியானோவின் பதிலும் மாறிவிடுகிறது. எழுதி வைத்து வாசிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதே 1959இல் மைல்ஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ தட்டின் உறைக்கு எவன்ஸ் ஒரு சிறு குறிப்பு எழுதினார். குழுவாகக் கற்பனை செய்வதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒருபுறம் இருக்க, எல்லோரும் பொதுப் பலனுக்காக வளைந்துகொடுக்க வேண்டிய மனிதச் சிக்கலும் உண்டு என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். ‘ஆட்டம் லீவ்ஸ்’ அந்தக் கருத்தின் செயல்வடிவம். பாடிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்தி அடுத்தவருக்கு இடம் விடுவது எவ்வளவு கடினம் என்று மேடை ஏறிய எவருக்கும் தெரியும். லஃபாரோ 1961 ஜூலையில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அவருக்குப் பிறகு வந்த பாஸ் கலைஞர்கள் எவரும் வெறுமனே நடந்தால் போதும் என்று நினைத்துவிட முடியவில்லை.

நான்கு பதிவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஹாக்கின்ஸ் மெட்டை விட்டார். பார்க்கர் மெட்டின் பெயரையே விட்டார். மங்க் வாசிப்பதையே நிறுத்தினார். எவன்ஸ் மூவர் குழு தாளத்தைக் கையில் பிடித்துக் காட்டுவதையும் விட்டது. வெளியே தெரிகிற பிடிமானங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒவ்வொன்று கழலும்போதும் உள்ளே இருக்கிற பாட்டு இன்னும் கெட்டியாக இருக்க வேண்டியிருந்தது. சுதந்திரம் கூடக்கூட, பொதுவாக நினைவில் வைத்திருக்க வேண்டியதும் கூடியது.

இங்கே நம்மைத் தொடும் ஒரு செய்தியும் உண்டு. இன்று அமெரிக்க ஜாஸில் முன்னணியில் இருக்கும் பியானோ கலைஞர்களில் ஒருவர் விஜய் ஐயர், அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. ஸ்டீஃபன் கிரம்ப், மார்கஸ் கில்மோர் ஆகியோரோடு அவர் சேர்ந்து வாசித்து 2009இல் வெளிவந்த ‘ஹிஸ்டாரிசிட்டி’ தட்டில், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ நாடகத்தின் ‘சம்வேர்’ பாட்டு இருக்கிறது. அதே தட்டில் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ஈழத் தமிழ்ப் பெண்ணான மாயா அருள்பிரகாசத்தின் ‘கலாங்’ பாட்டும் இருக்கிறது. இயந்திரத் தாளத்தில் பிறந்த நடனப் பாட்டைப் பியானோவும் பாஸும் டிரம்ஸும் வாசிக்கின்றன. எந்தப் பாட்டு ஸ்டாண்டர்ட் ஆகும் என்பதை யாரும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. போதிய பேருக்கு மனப்பாடமாக இருக்கிற பாட்டு எதுவோ, அதன்மேல் சேர்ந்து கற்பனை செய்யலாம்.

அதனால்தான் எனக்கு ஒரு கவலை. மின்டன்ஸ் காலத்தில் பாட்டுகள் ரேடியோவிலும் சினிமாவிலும் தெருவிலும் கேட்டு மனசில் ஏறின. 1970களில் பாஸ்டன் நகரின் இசை மாணவர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளின் மெட்டையும் கார்டுகளையும் எழுதி, ‘ரியல் புக்’ என்று உரிமம் இல்லாமலே விற்றார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. 2004இல்தான் முறையான உரிமத்தோடு அச்சானது. அந்தப் புத்தகம் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கதவு திறந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாளைப் பார்த்துக் கார்டு பிடிக்கிறவருக்கும் பாட்டை உள்ளே பாடிக்கொண்டிருக்கிறவருக்கும் உள்ள தூரம் பெரிது. தாளைப் பார்க்கிறவர் மங்க் நின்ற அந்த இடத்தில் குனிந்து பார்களை எண்ணுவார். பாட்டை அறிந்தவர் நிமிர்ந்து நண்பரைக் கூப்பிடுவார்.

கற்பனை தனி மனிதரின் சொத்து என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். சேர்ந்து செய்யும் கற்பனைக்குப் பொதுச் சொத்து வேண்டும். பொதுவாக அறிந்த பாட்டுகள் ஒரு சமூகத்தில் குறையக் குறைய, அவரவர் தனியே கெட்டிக்காரராக இருக்கலாம், சேர்ந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பழைய பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கற்பதைப் பழமைப் பித்து என்று யாராவது சொன்னால், இந்த நான்கு தட்டுகளையும் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். இவற்றைவிடத் துணிச்சலான இசையை நான் கேட்டதில்லை. நான்கும் மிகப் பழகிய பாட்டுகளிலிருந்துதான் வந்தன.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்தப் பதிவுகளை வீட்டில் கேட்பதற்கு முன்னால், அதே பாட்டுகளைப் பாடகர்களின் குரலில் கேளுங்கள். ‘பாடி அண்ட் சோல்’, ‘தி மேன் ஐ லவ்’ இரண்டையும் பில்லி ஹாலிடே பாடியிருக்கிறார். ‘ஆட்டம் லீவ்ஸ்’ பாட்டை நாட் கிங் கோல் பாடியிருக்கிறார். வரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மெட்டு உங்கள் வாயில் தானாக வரும்வரை கேளுங்கள். பிறகு ஹாக்கின்ஸைப் போடுங்கள், அவர் வாசிக்கும்போது நீங்கள் மெட்டை முணுமுணுங்கள். எங்கே அவர் பாட்டோடு ஒட்டுகிறார், எங்கே விலகுகிறார், பிரிட்ஜில் எப்படித் திரும்புகிறார் என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே உங்களுக்குக் கேட்கும். ஜாஸ் புரியவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இசை ஞானம் குறைவு என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியாது, அவ்வளவுதான். பாட்டைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.